காணாத காடு

நுழையும்முன்

குழந்தையின் கையில் தூரிகையைக் கொடுப்பது எளிது. அதன் கற்பனைக்கு இடங்கொடுப்பது அரிது. காட்டையே காணாத குழந்தைக்குக் காட்டை வரையக் கற்பிப்பது எவ்வாறு? காடு காணாத ஓவியர் ஒருவரின் வாழ்க்கை இதற்கு வழிகாட்டுகிறது.

சுங்கச்சாவடி ஓவியர்

பிரான்சு நாட்டின் லவால் நகரில் 1844இல் பிறந்தவர் ஆன்றி ரூசோ. பாரீசு நகரின் சுங்கச்சாவடியில் வரி வசூலிக்கும் பணி செய்தவர். ஓவியத்தைத் தாமே கற்றவர். பிரான்சை விட்டு வெளியே சென்றறியாதவர். எனினும், அடர்ந்த காடுகளை வரைந்து புகழ்பெற்றார். பாரீசின் தாவரவியல் பூங்காவில் கண்ணாடிக் குடில்களுக்குள் வளர்ந்த வெப்பமண்டலச் செடிகளை அவர் உற்றுநோக்கினார். நூல்களிலிருந்த விலங்குப் படங்களைக் கூர்ந்து கண்டார். கண்டவற்றைப் பெருக்கியும் இணைத்தும் தமக்கென ஒரு காட்டைப் படைத்தார்.

புயலில் வளையும் மரங்கள், சாய்ந்து பொழியும் மழை, புதரிடையே பதுங்கிய புலி என 1891இல் அவர் தீட்டிய ஓவியம், இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. அவருடைய ஓவியங்களைச் சிறுபிள்ளைத்தனம் என்று நகைத்தோர் பலர். ஆனால், 1908இல் பிக்காசோ அவரைச் சிறப்பித்து விருந்தளித்தார்.

வகுப்பறையில் வளரும் காடு

இரு மலைகள், நடுவே கதிரவன் எனக் கரும்பலகையில் ஆசிரியர் வரைந்துவிட்டால், நாற்பது குழந்தைகளின் தாள்களிலும் அதே மலைகளே எழும். மாறாக, ஆளுக்கோர் இலையைக் கையில் கொடுத்து, அதன் நரம்பையும் விளிம்பையும் தடவிப் பார்க்கச் செய்தல் வேண்டும். 'இவ்விலை உன்னைவிடப் பெரிதானால், அதன் பின்னே யார் ஒளிந்திருப்பார்?' என்னும் வினா போதும், காடு முளைத்துவிடும்.

மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை பிறக்கும். நீலம் மிகுந்தால் அது அடர்ந்து இருளும். தொலைவிலுள்ள மரங்களை வெளிர்பச்சையில் தீட்டிய பின்னர் விலங்கை வரையலாம். வண்ணம் உலர்ந்ததும் அதன்மீது பெரிய இலைகளை அடர்நிறத்தில் தீட்டினால், விலங்கு இலைமறைவில் பதுங்கிக்கொள்ளும்.

குழந்தை ஊதாநிறப் புலியை வரைந்தால் திருத்தத் தேவையில்லை. அப்புலியின் கதையைக் கேட்டாலே போதும். உற்றுநோக்கக் கற்பிப்பது ஆசிரியரின் கடமை. கண்டதைக் கடந்து செல்வது குழந்தையின் உரிமை. 'புலி இப்படியா இருக்கும்?' என்னும் ஒரு சொல், தூரிகையை என்றென்றைக்குமாகக் கீழே வைக்கச் செய்துவிடலாம்.

கற்பவை கற்றபின்

1. பள்ளி வளாகத்தில் உள்ள மூவகை இலைகளை உற்றுநோக்கி, அவற்றைக்கொண்டு கற்பனைக் காடு ஒன்றை வரைக.

2. 'பார்த்து வரைதலும் படைத்து வரைதலும்' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.