கிதார் ஒலிபெருக்கியும் வால்வு மாற்றமும்

மின்சாரக் கிதாரின் தந்தியை மீட்டும்போது அதன் அடியிலுள்ள காந்தச் சுருளில் உண்டாகும் மின்னழுத்தம் மிகச் சொற்பமானது. மெல்ல மீட்டினால் ஒரு வோல்ட்டில் பத்திலொரு பங்கும் இராது. ஓங்கி மீட்டினாலும் அரை வோல்ட், சிற்சில கிதார்களில் ஒரு வோல்ட், அவ்வளவே. இச்சிறு அசைவைக் கொண்டு ஒரு மண்டபம் நிறைய ஒலி எழுப்ப வேண்டுமாயின் அதனைப் படிப்படியாய்ப் பெருக்கியாக வேண்டும். அவ்வேலையைத் தொடங்கி வைப்பது கட்டைவிரலளவான ஒரு கண்ணாடி வால்வு. டிரான்ஸிஸ்டர் 1947-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. அதன்பின் வீட்டு ரேடியோப் பெட்டிகளினின்று வால்வு முற்றிலும் மறைந்தும் போயிற்று. ஆயினும் கிதார் வாசிப்போர் மாத்திரம் இன்றளவும் அதனை விட்டபாடில்லை. அதுமட்டுமன்று, பெட்டியின் பின்புறத்தே கையை விட்டு ஒரு வால்வைக் கழற்றி வேறொன்றைச் செருகினால் நாதமே மாறிவிடுகின்றதென்று அவர்கள் சாதிக்கின்றனர். இக்கூற்றில் மெய் எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று ஆராய்வதே இங்கு நமது நோக்கம். பௌதிக வகுப்பிற் கற்றதைக் கொண்டு கைப்பணத்தையும் காதையும் காத்துக்கொள்ளக்கூடிய விஷயங்களில் இஃது ஒன்று.

வால்வின் உள்ளமைப்பு நம்மில் பலருக்குப் புதிதன்று. நடுவிலே சூடேறிய கத்தோடு. அதைச் சுற்றி நுண்கம்பியாலான கிரிடு. அதற்கும் வெளியே உயர்ந்த மின்னழுத்தத்தில் நிற்கும் பிளேட்டு. காற்றில்லாத அவ்வெளியிலே கத்தோடினின்று புறப்படும் எலெக்ட்ரான்கள் கிரிடைக் கடந்து பிளேட்டை அடைகின்றன. கிரிடின் மின்னழுத்தம் சிறிது அசைந்தால் பிளேட்டிற் பாயும் மின்னோட்டம் வெகுவாய் அசைகிறது. மதகின் கதவை விரலளவு ஏற்றியிறக்கினால் வாய்க்கால் நீர் முழுவதும் கட்டுப்படுவது போன்றதே இது.

கிதார் ஒலிபெருக்கிகளின் முற்பகுதியில் அதிகமாய்க் காணப்படுவது அமெரிக்கர் 12ஏஎக்ஸ்7 என்றும் ஐரோப்பியர் ஈசிசி83 என்றும் அழைக்கும் வால்வாகும். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள் அடங்கியிருப்பதனால் இதனை இரட்டை வால்வென்று சொல்லலாம். இதே ஒன்பது ஊசிகளை அதே வரிசையிற் கொண்ட உறவினர் இதற்குப் பலர் உண்டு. 12ஏடி7, 12ஏஒய்7, 12ஏயு7, 5751 ஆகியவை அவற்றுட் சில. இவற்றுள் எதனையும் மற்றொன்றின் குழியிற் செருகலாம். சூடேற்றும் கம்பியின் இணைப்பும் ஒன்றே. வால்வு மாற்றம் என்னும் பழக்கம் முழுவதும் இந்த ஒற்றுமையின் மேலேயே நிற்கிறது.

ஊசிகள் ஒத்தாலும் குணங்கள் ஒத்தவையல்ல. 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கு எண் 100, 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு ஏறக்குறைய 44, 12ஏயு7-க்கு 17. இவ்வெண்களைக் கண்டவுடனே 17 உள்ள வால்வை வைத்தால் ஒலி ஆறிலொரு பங்காய்ப் போய்விடும் என்று கணக்கிடுவோர் உண்டு. அவ்வாறு முடிவு கட்டுவது பிழை. வால்வுக்கு உள்தடை என்றொன்று உண்டு. பிளேட்டோடு சேர்த்திருக்கும் வெளித்தடையும் அவ்வுள்தடையும் பெருக்கத்தைத் தம்முள் பங்கிட்டுக்கொள்ளுகின்றன. பெருக்கு எண்ணை வெளித்தடையாற் பெருக்கி, இரு தடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே அப்படியின் உண்மையான பெருக்கம். சாதாரணமாய் வெளித்தடை 1,00,000 ஓம். 12ஏஎக்ஸ்7-இன் உள்தடை 62,500 ஓம். ஆகவே பெருக்கம் ஏறக்குறைய 61. 5751-இன் உள்தடை 58,000 ஓம், பெருக்கம் 44. 12ஏஒய்7-க்கு உள்தடை 25,000 ஓம் அளவில் இருப்பதனால் பெருக்கம் 35. 12ஏயு7-க்கு 7,700 ஓம், பெருக்கம் 16. டெசிபல் கணக்கிற் சொன்னால், 12ஏஎக்ஸ்7 இருந்த இடத்தில் 5751 வைப்பதால் 3 டெசிபலும், 12ஏஒய்7 வைப்பதால் 5 டெசிபலும், 12ஏயு7 வைப்பதால் 12 டெசிபலும் குறைகின்றன. ஒலி பாதியாய்த் தோன்றுவதற்குச் சுமார் 10 டெசிபல் குறையவேண்டுமென்பது செவியின் இயல்பாதலால், முதலிரண்டு மாற்றங்களும் மிதமானவை என்பது விளங்கும்.

12ஏடி7-ஐ மேற்படி கணக்கிற் சேர்க்காது விட்டதற்குக் காரணம் உண்டு. அது ரேடியோ அலைவரிசைகளுக்கென்று செய்யப்பட்டது. 10 மில்லி ஆம்பியர் ஓடும்போது கண்ட அளவுகளே அதன் அட்டவணையில் உள்ளன. கிதார் ஒலிபெருக்கியின் முதற்படியிலோ ஓடுவது சுமார் ஒரு மில்லி ஆம்பியரே. அந்நிலையில் அதன் உள்தடை ஏறி, பெருக்கம் அட்டவணை காட்டுவதிலும் தாழ்ந்துவிடும். அட்டவணையைப் படிப்பவர் எந்த நிலையில் அளந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

இனி ஒரு மெய்யான உதாரணத்தைப் பார்ப்போம். கலிபோர்னியாவிலுள்ள புல்லர்ட்டன் நகரில் லியோ பெண்டர் நிறுவிய கம்பெனியார் 1958 முதல் 1960 வரை செய்த பாஸ்மன் என்னும் ஒலிபெருக்கி, 5எப்6-ஏ என்ற வரைபடத்தின்படி அமைந்தது. பாஸ் கிதாருக்கென்று செய்ததாயினும் சாதாரணக் கிதார் வாசிப்போரே அதனை மிகுதியாய் விரும்பினர். அதன் முதல் வால்வு 12ஏஒய்7. அடுத்த இரண்டும் 12ஏஎக்ஸ்7. லண்டனின் மேற்கே ஹான்வெல் பகுதியில் சங்கீதக் கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் என்பவரும், அவரிடம் வேலை செய்த கென் பிரான், டட்லி கிரேவன் என்பவர்களும் 1962-இல் அதே வரைபடத்தைத் தழுவி ஜேடிஎம்45 என்னும் ஒலிபெருக்கியை உருவாக்கினர். அதிலே முதல் வால்வும் ஈசிசி83 ஆயிற்று. பிரிட்டிஷ் நாதம் என்று பின்னர்ப் பெயர்பெற்ற முரட்டு ஒலிக்கு இந்த ஒரு வால்வே காரணமென்று சிலர் சொல்லுவர். நமது அபிப்பிராயத்தில் அது பாதி உண்மையே. பெண்டர் வைத்த பத்தங்குல ஜென்ஸன் ஒலிபரப்பிகளுக்குப் பதிலாய் மார்ஷல் வைத்தவை பன்னிரண்டங்குலச் செலஸ்டியன்; வெளியீட்டு டிரான்ஸ்பார்மரும் வேறு; இறுதியினின்று முன்னே திரும்பி வரும் எதிரூட்டின் அளவும் வேறு. இத்தனையும் மாறியிருக்கையில் நாதத்தின் மாற்றத்தை ஒரே வால்வின் தலையிற் சுமத்துவது நியாயமன்று. ஆயினும் முதற்படியில் 5 டெசிபல் கூடினால் அடுத்த படிகள் அவ்வளவு விரைவில் நிரம்பி வழியும் என்பதில் ஐயமில்லை.

இங்கேதான் பெருக்கமும் நாதமும் ஒன்றோடொன்று பிணைகின்றன. முதல் வால்வு கிதாரின் அரை வோல்ட்டால் அனேகமாய்த் திணறுவதில்லை. அதன் கிரிடு ஒன்றரை வோல்ட் அளவுக்கு இடங்கொடுக்கும். அவ்வரை வோல்ட் அறுபது மடங்காகி முப்பது வோல்ட்டாய் அடுத்த கிரிடைத் தாக்கும்போதே அலையின் தலையும் அடியும் வெட்டுப்படுகின்றன. வெட்டுப்பட்ட அலையிலே மூல ஸ்வரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுடைய ஸ்வரங்களும் புதிதாய்ப் பிறக்கின்றன. கிதார் வாசிப்போர் கரகரப்பென்றும் கனிவென்றும் புகழ்வது இதனையே. ஆகவே முதல் வால்வை மாற்றினால் நாதத்தின் மாற்றம் பெரும்பாலும் அந்த வால்வுக்குள் நிகழ்வதன்று; பின்னேயிருக்கும் வால்வுகள் எவ்வளவு திணறுகின்றன என்பதிலேயே நிகழ்கிறது.

அப்படியானால் வால்வை மாற்றுவானேன், ஒலியளவுக் குமிழைச் சிறிது திருப்பினாற் போதாதா என்று கேட்கலாம். கேள்வி மிகவும் தகுதியானதே. குமிழ் முதல் வால்வுக்கும் இரண்டாவதற்கும் இடையில் இருப்பதனால், 5 டெசிபல் குறைந்த வால்வை வைப்பதும் குமிழை 5 டெசிபல் தாழ்த்துவதும் இரண்டாவது வால்வுக்கு ஏறக்குறைய ஒன்றே. எஞ்சும் வித்தியாசங்கள் சில. முதலாவது, குமிழின் பயணம் நீளுகிறது: இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதற்குள் வெடித்துவிடும் ஒலிபெருக்கி இப்போது ஐந்து வரை அடக்கமாயிருக்கும். சிறு அறையில் வாசிப்பவருக்கு இஃது அற்ப விஷயமன்று. மற்றொன்று நுட்பமானது. பாஸ்மன் ஒலிபெருக்கியின் பிரகாச வழியில் ஒலியளவுக் குமிழின் குறுக்கே 100 பிகோபாரட் கண்டென்ஸர் ஒன்று உண்டு. குமிழ் தாழ்ந்திருக்கும்போது உச்ச ஸ்வரங்கள் அதன் வழியே தப்பிச் செல்லுகின்றன. குமிழ் ஏற ஏற அவ்வழியின் பயன் குறைகிறது. பெருக்கம் குறைந்த வால்வை வைத்துக் குமிழை ஏற்றி வாசித்தால் உச்ச ஸ்வரங்களின் கூர்மை தணிந்து ஒலி மெத்தென்றாகும். வால்வே மிருதுவானதென்று அதற்குப் புகழ் சேருகிறது, செய்தது கண்டென்ஸர்!

வால்வின் சொந்தக் குணத்தாலேயே உச்ச ஸ்வரம் மாறுவதும் உண்டு. பிளேட்டுக்கும் கிரிடுக்கும் இடையே 12ஏஎக்ஸ்7-இல் 1.7 பிகோபாரட் அளவு கொள்ளளவு உண்டு. மில்லர் என்பவர் பெயரால் வழங்கும் விளைவின்படி இது பெருக்கத்தால் மடங்கி, கிரிடிலே 100 பிகோபாரட்டுக்குச் சிறிது மேலாய்த் தோன்றுகிறது. முதற்படியில் இதனாற் கெடுவது ஒன்றுமில்லை. அங்கே வெட்டுப்படும் அதிர்வு நமது செவியின் எல்லைக்கும் அப்பாற்பட்டது. ஆனால் 10 லட்சம் ஓம் குமிழ் நடுநிலையில் நிற்கும்போது அடுத்த வால்வுக்கு முன் 2,50,000 ஓம் தடை நிற்கிறது. அப்போது 6 கிலோஹெர்ட்ஸ் அளவிலேயே ஒலி தேயத் தொடங்கும். அவ்விரண்டாம் இடத்தில் 12ஏயு7 வைத்தால் கொள்ளளவு நாலிலொரு பங்காகி அத்தேய்வு விலகும். ஆனால் கிதார் ஒலிபரப்பிகள் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தாமே தாழ்ந்துவிடுவன. ஆதலால் இவ்வேறுபாட்டைக் கேட்டுணர்வது எளிதன்று.

எந்தக் குழியில் மாற்றுகிறோம் என்பது எந்த வால்வை வைக்கிறோம் என்பதற்குச் சமமான முக்கியத்துவமுடையது. இறுதி வால்வுகளுக்கு எதிரெதிரான இரு அலைகளைப் பிரித்துக் கொடுக்கும் வால்வின் இரு பிளேட்டுகளுக்கும் பாஸ்மன் ஒலிபெருக்கியில் 82,000 ஓம், 1,00,000 ஓம் என்று வெவ்வேறு தடைகள் வைத்திருப்பது, 12ஏஎக்ஸ்7-இன் இரு பாதிகளையும் சமன் செய்வதற்காகவே. அங்கே வேறு வால்வு வந்தால் சமநிலை சற்றுப் பிசகும். அப்பிசகே சிலருக்கு இனிக்கவும் கூடும். 1960-களின் பெண்டர் ஒலிபெருக்கிகள் பலவற்றில் அவ்விடத்துக்கென்றே 12ஏடி7 வைத்தனர். அதற்கேற்பத் தடைகளையும் அமைத்தனர். ஸ்வரக் குமிழ்களை இயக்கும் வால்வின் விஷயம் வேறு. பாஸ்மனிலும் ஜேடிஎம்45-இலும் அதன் கத்தோடு 100 வோல்ட்டுக்கும் மேலான நிலையில் நிற்கிறது. சூடேற்றும் கம்பிக்கும் அதற்குமிடையே அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காத வால்வை அங்கே வைப்பது அறியாமை.

நிற்க. ஒரே 12ஏஎக்ஸ்7 வகையிலேயே இன்ன கம்பெனியாரது வால்வுக்குத் தேனினிமை, இன்னாரதற்கு வெண்கலக் கணீர் என்று எழுதுவோர் பலர். இங்கிலாந்தின் முல்லார்ட், ஜெர்மனியின் டெலிபங்கன் ஆகிய பழைய வால்வுகள் இன்று புதியவற்றைப் போல் பல மடங்கு விலைக்குப் போகின்றன. அவை நேர்த்தியாய்ச் செய்யப்பட்டவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடியின் மேலுள்ள பெயர் உள்ளிருப்பதற்குச் சாட்சியாகாது. முற்காலத்திலேயே ஒரு கம்பெனியார் மற்றொருவரிடம் வாங்கித் தம் பெயரை அச்சிட்டு விற்றதுண்டு. முல்லார்ட் என்ற பெயரை இப்போது தாங்கி வருபவை ரஷ்யாவில் ஸராடோவ் நகரத்துத் தொழிற்சாலையிற் செய்யப்பட்டவை. 2022 மார்ச்சில் ரஷ்யாவினின்று ஏற்றுமதி தடைப்பட்டபோது உலகமெங்கும் வால்வு விலை ஏறியதே, இத்தொழில் எவ்வளவு சில கைகளில் இருக்கிறதென்பதற்கு அடையாளம். மேலும், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரு வால்வுகளே பெருக்கத்திற் சிறிது வேறுபடும். இரண்டில் சற்று உரக்க ஒலிப்பதையே செவி சிறந்ததென்று கொள்ளும். கால் டெசிபல், அரை டெசிபல் ஏறினால் உரப்பென்று தோன்றாது, தெளிவென்றே தோன்றும். இந்த மயக்கத்தின்மேல் எத்தனை வியாபாரம் நடக்கிறது!

சோதித்தறிய விரும்பும் மாணவர் செய்யத்தக்கது இது. ஒலிபெருக்கியை அணைத்து, மின்சார இணைப்பை நீக்கி, வால்வுகள் ஆறும்வரை காத்திருக்கவேண்டும். பெட்டிக்குள் உள்ள கண்டென்ஸர்கள் இணைப்பை நீக்கிய பின்னும் 400 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும், உயிருக்கே ஆபத்து. ஆதலால் உட்பகுதியைத் திறவாமல், வெளியே தெரியும் முன்வால்வுகளை மாத்திரம் தொடுக. தகரக் கவசத்தை அழுத்தித் திருகி எடுத்து, வால்வை இலேசாய் வட்டமாக அசைத்து நேரே மேலிழுக்கவேண்டும்; புதியதை வைக்கும்போது ஊசிகளுக்கிடையேயுள்ள இடைவெளியைப் பார்த்துப் பொருத்தவேண்டும். ஒரே வாசிப்பை முதலிற் பதிவு செய்துகொண்டு, அப்பதிவையே ஒவ்வொரு வால்வின் வழியாகவும் செலுத்துவது நலம். வாசிப்பவர் கை ஒருமுறை போல் மறுமுறை இராது. ஒவ்வொரு முறையும் அளவுகருவி கொண்டு ஒலியைச் சமமாக்கியபின், எது எதென்று அறியாத நண்பர் ஒருவரைக் கேட்கச் சொல்லவேண்டும். 12ஏயு7-ஐயும் 12ஏஎக்ஸ்7-ஐயும் குமிழை உச்சத்தில் வைத்து வாசித்தால் எவரும் பிரித்தறிவர். இரண்டு கம்பெனியாரின் 12ஏஎக்ஸ்7-களைச் சமன் செய்தபின் பிரித்தறிபவர் மிகச் சிலராகவே இருப்பரென்பது நமது எதிர்பார்ப்பு.

இச்சோதனையோடு, ஒலிபெருக்கி இயங்கும்போது பென்ஸிலின் பின்முனையால் ஒவ்வொரு முன்வால்வையும் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். முதல் வால்வு சிறிது ஒலிப்பது இயல்பே. மணிபோல் அதிர்ந்து நீடித்தால் அதன் உட்பாகங்கள் தளர்ந்துவிட்டன. அவ்வால்வை எறிந்துவிட வேண்டுவதில்லை. வகை ஒன்றாயிருப்பின் அலை பிரிக்கும் கடைசிக் குழியில் வைத்தால், அதற்குப் பின்னே பெருக்கம் சொற்பமாதலால், அவ்வதிர்வு பெரும்பாலும் கேளாமலே பல காலம் உழைக்கும்.