இனவிருத்திக்குத் தாய்க்கோழி தேர்ந்தெடுப்பது எப்படி?

ரிஷிவந்தியம் வட்டாரத்தில் மக்காச்சோள அறுவடை முடிந்து களத்தில் கதிர் அடிக்கும் நாட்களில் கோழிகளுக்கும் கொண்டாட்டந்தான். சிந்திய தானியத்தையும் புழு பூச்சிகளையும் தின்றே வளர்ந்து, வீட்டுப் பெண்களுக்குச் சிறுவாட்டுப் பணம் சேர்த்துத் தருபவை புறக்கடைக் கோழிகள். பள்ளிச் செலவுக்கும் மருந்துச் செலவுக்கும் பல வீடுகளில் கைகொடுப்பது ஒரு சேவல் விற்ற பணமே. ஆயினும் குஞ்சு பொரிப்பதற்கென வாங்கும் தாய்க்கோழியை நிறத்தையும் பளபளப்பையும் மட்டும் பார்த்து வாங்குவோர் பலர். தேர்வு தவறினால் ஓராண்டு உழைப்பு வீணாகும். எனவே, கோழியைக் கையில் எடுத்துப் பார்த்தும், அதன் கணக்கை அறிந்துமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தூய இனம் ஏன்?

வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் விளைந்த மணிகளை மறுபடி விதைத்தால் பயிர் ஒன்றுபோல் வளராது; விளைச்சலும் குறையும். ஆகவேதான் ஒவ்வொரு பருவத்திலும் புது விதை வாங்கப்படுகிறது. கலப்பினக் கோழிகளின் நிலையும் இதுவே. ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்றவை புறக்கடையில் வளர்க்க ஏற்ற நல்ல கோழிகளே. ஆனால் அவற்றின் குஞ்சுகளில் தாயின் நற்குணங்கள் அப்படியே அமைவதில்லை. அவை பெரும்பாலும் அடை உட்காருவதும் இல்லை. முட்டைக்காக மட்டும் வளர்ப்போர் அவற்றை வாங்கலாம். சொந்தக் குஞ்சுகளைக் கொண்டே கூட்டத்தைப் பெருக்க விரும்புவோர் தூய நாட்டினத்தையே நாட வேண்டும்.

எந்த இனம்?

சிறுவிடைக் கோழிகள் உடல் சிறுத்தவை, சுறுசுறுப்பானவை. ஒழுங்காக அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணும். கல்வராயன் மலையடிவாரம் போன்று பருந்தும் கீரியும் நடமாடும் இடங்களுக்கு இவையே ஏற்றவை. அசில் இனத்தைச் சார்ந்த பெருவிடைக் கோழிகள் உயரமும் எடையும் மிக்கவை. இறைச்சிக்கு நல்ல விலை போகும். ஆனால் முட்டை குறைவு. ஜாபுவா மாவட்டத்தின் கடக்நாத் கருங்கோழியின் இறைச்சி 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. இக்கோழி அடைகாப்பதில் நாட்டம் குறைந்தது. ஆதலால் அதன் முட்டைகளைச் சிறுவிடைக் கோழிக்கு வைத்துப் பொரிக்கச் செய்வது நலம்.

எந்த இனமாயினும் ஒன்றையே தேர்ந்து வளர்க்க வேண்டும். எல்லா இனங்களையும் ஒன்றாக மேயவிட்டால் சில தலைமுறைகளில் எந்த இனமும் தூயதாக எஞ்சாது.

கையில் எடுத்துப் பார்த்தல்

நல்ல கோழிக்குக் கண் பிரகாசமாகவும், மூக்குத் துவாரம் சளியின்றியும், மார்பெலும்பு கோணலின்றியும் இருக்கும். நொண்டுவது, கால் செதில்கள் தடித்துத் தூக்கி நிற்பது, இறக்கையின் அடியிலும் எச்சத்துவாரத்தைச் சுற்றியும் பேன் மொய்ப்பது ஆகிய குறைகள் உள்ள கோழிகளைத் தவிர்க்க வேண்டும்.

முட்டையிடும் கோழியின் எச்சத்துவாரம் அகன்று ஈரமாக இருக்கும்; முட்டையிடாத கோழிக்குச் சுருங்கி உலர்ந்திருக்கும். எச்சத்துவாரத்தின் கீழே இரு பக்கமும் தட்டுப்படும் இடுப்பெலும்பு முனைகளுக்கு இடையே இரண்டு அல்லது மூன்று விரல்கள் நுழைந்தால் கோழி முட்டையிடுகிறது என அறியலாம். ஒரு விரல்கூட நுழையாவிடில் முட்டையிடவில்லை. அடிவயிறு மிருதுவாக இருத்தல் வேண்டும்.

கொண்டை சிவந்து மினுமினுப்பாக இருப்பதும் நல்ல அறிகுறியே. ஆனால் அசில் இனத்துக்குக் கொண்டை இயல்பாகவே சிறியது. அதைக் கொண்டு குறை சொல்லலாகாது.

மஞ்சள் நிறக் கால்களையுடைய கோழிகளில் இன்னொரு அடையாளமும் உண்டு. முட்டையிடத் தொடங்கியபின், தீனியில் கிடைக்கும் மஞ்சள் நிறம் மஞ்சள் கருவுக்குச் செல்கிறது. இதனால் முதலில் எச்சத்துவாரமும், பிறகு அலகும், கடைசியாகக் கால்களும் வெளுக்கும். கால் வெளுத்த கோழி பல வாரங்களாக முட்டையிட்டு வந்துள்ளது என்று பொருள். மஞ்சள் மக்காச்சோளம் தின்னும் கோழிகளிடமே இந்த அடையாளத்தை நம்பலாம். நொய்யரிசி மட்டும் தின்ற கோழிக்கு முட்டையிடாமலே கால் வெளுத்திருக்கும்.

இறகு பளபளப்பாக இருப்பதைக் கண்டும் ஏமாறக்கூடாது. தொடர்ந்து முட்டையிட்ட கோழியின் இறகு தேய்ந்து மங்கியிருக்கும். புதிய இறகுடன் மின்னும் கோழி பல நாட்களாக முட்டையிடாமல் இருந்திருக்கலாம்.

சுவரில் ஒரு கணக்கு

மேற்கண்ட சோதனைகள் கோழியின் இன்றைய நிலையைத்தான் காட்டும். அடையில் இருக்கும் கோழிக்கும் குஞ்சுகளுடன் திரியும் கோழிக்கும் கொண்டை சுருங்கி, இடுப்பெலும்பு நெருங்கியிருப்பது இயல்பு. அதைக் கண்டு நல்ல தாய்க்கோழியைக் கறிக்கு விற்றுவிடுவதே பலர் செய்யும் பெரிய தவறாகும்.

தாய்க்கோழியின் தரத்தை அதன் கணக்கே சொல்லும். ஒவ்வொரு கோழிக்கும் காலில் வெவ்வேறு நிறத்தில் துணி நாடா கட்டி, இட்ட முட்டை, பொரித்த குஞ்சு, மூன்று மாதம் வரை பிழைத்த குஞ்சு ஆகியவற்றைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைத்தால் போதும். ஒரு கோழி 18 முட்டையிட்டு 9 குஞ்சு பொரித்து 3-ஐக் காப்பாற்றுகிறது. மற்றொன்று 14 முட்டையிட்டு 12 பொரித்து 9-ஐக் காப்பாற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது கோழியே இனவிருத்திக்கு உரியது. வெளியில் வாங்குவோரும் இந்த விவரத்தைக் கேட்டறிந்து, ஒரு முறையாவது குஞ்சு வளர்த்த கோழியையோ அதன் விடைக்கோழியையோ வளர்ப்பவர் வீட்டிலேயே வாங்குவது நலம். கூட்டத்தில் நோய் கண்டவுடன் கோழிகளைச் சந்தைக்குக் கொண்டு வந்து தள்ளிவிடுவோரும் உண்டு.

சேவலும் பாதுகாப்பும்

எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். சேவலை வேறு வீட்டிலிருந்து வாங்க வேண்டும். அதன் மகள்களுடனேயே அது இணைந்தால் கூமுட்டை பெருகும், குஞ்சுகள் நலியும். ஆகவே ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை சேவலை மாற்ற வேண்டும். பழைய சேவலை அகற்றிய பின்னும் ஏறத்தாழ மூன்று வாரம் வரை அதன் கரு முட்டையில் இருக்கக்கூடும். அதன் பிறகு சேரும் முட்டைகளையே புதுச் சேவலின் வாரிசுக்காக அடை வைக்க வேண்டும்.

புதிதாக வாங்கிய கோழிகளை மூன்று வாரமாவது தனியே பஞ்சாரத்தில் அடைத்து வைத்துக் கவனித்த பின்னரே கூட்டத்தில் விட வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோய் புகுந்தால் கூட்டமே அழிந்துபோகும். அதற்கான தடுப்பூசியையும் குடற்புழு மருந்தையும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு உரிய காலத்தில் கொடுத்துவர வேண்டும். கணக்கறிந்து தேர்ந்தெடுத்த நான்கு கோழிகள், கண்ணுக்கு அழகான பத்துக் கோழிகளைவிட மேலானவை.