ஒடியற்கூழ்: யாழ்ப்பாணத்தின் மரபுணவு

(க.பொ.த. சாதாரண தரம் – தமிழ் மொழியும் இலக்கியமும் – கட்டுரைப் பயிற்சி)

ஒரு பிரதேசத்தின் உணவை அப்பிரதேசத்தின் மண்ணும் நீருமே தீர்மானிக்கின்றன. ஆண்டு முழுவதும் பாயும் ஆறு எதுவும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. மாரி மழையும் கிணறுமே ஆதாரம். வறட்சியைத் தாங்கி நின்றது பனை. சூழ இருந்தது கடல். இவ்விரண்டும் ஒரே பானையில் சேர்வதே ஒடியற்கூழ் எனலாம்.

பனம் விதைகளைப் பாத்தியிலிட்டுச் சில மாதங்களின் பின் கிண்டியெடுப்பது பனங்கிழங்கு. அதைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். மாணவர் பலர் இவ்விரண்டையும் மாறி எழுதுகின்றனர். கூழுக்கு உரியது ஒடியல் மாவே. அதிலுள்ள மாப்பொருள் வேகாதிருப்பதால், சூடேறும்போது கூழைத் தடிக்கச் செய்கின்றது. மாவை முதலில் நீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை ஊற்றிவிடுவர். கைப்பு நீங்குவதற்கு இது அவசியமாகும்.

அடுப்பில் நீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் என வேகத் தாமதமாகும் பொருட்கள் முதலில் போடப்படும். பின்னர் மீன், நண்டு, இறால், முருங்கையிலை. இறுதியில் அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளி ஆகியவற்றோடு கரைத்த மாவை ஊற்றி, அடிப்பிடிக்காமல் துழாவ வேண்டும். அவசரப்பட்டால் கூழ் கட்டிபட்டுவிடும். பலாவிலையை ஈர்க்கினால் குத்திக் கோலிக் குடிப்பதே பழைய வழக்கம்.

மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியர் வருகைக்கு முன் இவை இங்கு இருந்ததில்லை. ஆகவே 'மரபு' என்பது மாறாத ஒன்றன்று, புதியவற்றையும் தன்வயப்படுத்திக்கொள்வது. மொரோக்கோவின் பேர்பர் மக்கள் கூம்பு மூடியிட்ட மண்சட்டியில் மெல்ல வேகவைக்கும் தஜின் உணவிலும் உள்ளூர் விளைபொருட்களோடு வெளியிலிருந்து வந்த தக்காளியும் கலந்திருக்கின்றது.

கூழ் தனியொருவருக்காகக் காய்ச்சப்படுவதில்லை. உறவினரும் அயலவரும் கூடும் நாளில் முற்றத்தில் பெரிய பானை ஏறும். இதனை வைத்துச் சில கட்டுரைகள் 'சாதி பேதமற்ற சமத்துவ உணவு' என்று எழுதிவிடுகின்றன. அவ்வாறு எழுத வேண்டாம். சாதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் ஒரே முற்றத்தில் எல்லோரும் சேர்ந்திருந்து குடிக்கவில்லை. பனையேறிப் பிழைத்தோருக்கு எத்தனை வீட்டு வாசல்கள் மூடியிருந்தன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனங்குற்றிகள் பெருமளவில் தறிக்கப்பட்டன. எறிகணை வீச்சிலும் மரங்கள் வட்டிழந்தன. பனைவளத்தைப் பேணுவதற்கான பனை அபிவிருத்திச் சபை 1978 இல் நிறுவப்பட்டது. புலம்பெயர்ந்தோர் கனடாவிலும் இங்கிலாந்திலும் கூழ் காய்ச்சுகின்றனர். ஆனால் அங்கு பனை முளைப்பதில்லை. ஒடியல் மா இங்கிருந்தே செல்ல வேண்டியிருக்கின்றது.

கவனிக்க: ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் ஆடிக்கூழ் வேறு. அது அரிசிமா, பயறு, தேங்காய், பனங்கட்டி சேர்ந்த இனிப்புக் கூழ். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடியது அதனையே.

பயிற்சி வினாக்கள்
1. ஒடியல், புழுக்கொடியல் ஆகியவற்றை வேறுபடுத்துக.
2. 'மரபுணவு மாறாத ஒன்றன்று.' ஒடியற்கூழை ஆதாரமாகக் கொண்டு விளக்குக.