லின்டர் சொன்னால் வேதமா?

நம்பிக்கை: "லின்டர் எச்சரித்தால் கோட் தப்புதான். அது சொன்னபடி மாற்றிவிடு."

புதிதாகச் சேர்ந்தவர் சொன்னால் மன்னிக்கலாம். டீம் லீட்களே சொல்கிறார்கள்!

உண்மை: 2023 அக்டோபரில் பைதான் 3.12 வந்தது. அதுவரை எஃப்-ஸ்ட்ரிங் (உள்ளே மதிப்புகளைப் பொதிந்து எழுதும் சரம்) முழுவதும் ஒரே டோக்கன். உள்ளே இடைவெளி எப்படி இருந்தாலும் பைகோட்ஸ்டைல் என்ற லின்டர் கண்டுகொள்ளாது. 3.12இல் அது துண்டு துண்டாகப் பிரிந்து வரத் தொடங்கியது. உள்ளே இருந்த கோலன் தனியாகத் தெரிந்ததும், அந்தக் கருவியின் பழைய பதிப்புகள் "கோலனுக்குப் பின் இடைவெளி எங்கே?" என்று இ231 எச்சரிக்கையை நீட்டின.

உதாரணமாக, 12.50 என்ற விலையை இரண்டு தசம இடத்தோடு அச்சிடும் ஒரு சாதாரண எஃப்-ஸ்ட்ரிங் வரி. கருவியின் பேச்சைக் கேட்டு கோலனுக்குப் பின் ஸ்பேஸ் ஒன்று தட்டுங்கள். எச்சரிக்கை போய்விடும், கூடவே 12.50க்கு முன்னால் ஒரு வெற்றிடமும் அச்சாகும். அந்த இடத்தில் ஸ்பேஸ் அழகுக்காக இல்லை. நேர்ம எண்ணுக்கு முன் குறியின் இடத்தைக் காலியாக விடு என்பது அதன் பொருள். நடையைத் திருத்தப் போய் வெளியீட்டையே மாற்றிவிட்டீர்கள்! கடைசியில் திருத்தம் வந்தது கருவிக்குத்தான்.

லினக்ஸ் கெர்னல்காரர்களின் நடை சோதிக்கும் கருவியான செக்பேட்ச்சின் ஆவணமே, இந்தக் கருவி எப்போதும் சரியாக இருக்காது, உங்கள் முடிவே மேல் என்கிறது. செய்தவர்களுக்கே இல்லாத பக்தி நமக்கு எதற்கு?

நம்பிக்கை: "எச்சரிக்கையை அடக்க நோக்வா கமென்ட் போடுவது ஏமாற்று வேலை."

உண்மை: ஃப்ளேக்8 லின்டரில் விதி எண்ணோடு அந்த ஒரு வரிக்குப் போட்டால் அது நேர்மையான குறிப்பு. எண் இல்லாத வெறும் நோக்வா, நாளை அதே வரியில் வரும் நிஜத் தவறையும் மூடிவிடும்.

நம்பிக்கை: "தொல்லை தரும் விதியை மொத்தமாக அணைத்துவிடலாம்."

உண்மை: 'நன்' (None) மதிப்போடு இரட்டைச் சமக்குறி போடாதே, 'இஸ்' போடு என்கிறது இ711. நல்ல விதி. ஆனால் எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற தரவுத்தள நூலகத்தின் ஃபில்டரில் சமக்குறியை வெறும் 'இஸ்' ஆக்கினால் ஒரு வரிசைகூட வராது. அதற்கென்றே அங்கே தனி மெத்தட் இருக்கிறது, அதை எழுதுங்கள். ஓரிடத்துச் சிக்கலுக்காக எல்லா இடத்திலும் காவலை எடுக்காதீர்கள்.

பொய் எச்சரிக்கை கண்டால் புலம்பாமல், அதை வரவழைக்கும் இரண்டு மூன்று வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, பைதான் பதிப்பையும் குறிப்பிட்டு, கருவியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். எச்சரிக்கை வரவே கூடாத வரிகளுக்கென்று பைகோட்ஸ்டைலின் சோதனைகளில் இடம் உண்டு. உங்கள் வரியும் அங்கே சேர்ந்தால், அதே பிழை திரும்பும்போது சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கு அரை மணி நேரம் ஒதுக்க மனமில்லாத மேலாளர்கள், 'ஜீரோ வார்னிங்' டாஷ்போர்டைக் காட்டிப் பெருமைப்பட வேண்டாம்.