மின்தடைக் காலத்தில் பவளத் தொட்டியைக் காத்தல்

கடல்மீனும் பவளமும் வளரும் சிறு கண்ணாடித் தொட்டியை இல்லத்தில் வைத்திருப்போர் உடப்புசல்லாவைப் பகுதியில் மிகச் சிலரே. கடலுக்குத் தொலைவான இக்குளிர் மலையில் அத்தொட்டியின் உயிர் மின்சாரத்தையே நம்பியுள்ளது. 2022 மார்ச் 31ஆந் திகதி நாட்டில் 13 மணித்தியால மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாட்டில் மண்சரிவினால் மின்சாரமும் பாதைகளும் ஒருங்கே தடைப்பட்டன. இத்தகைய வேளையில் மீன் பசியால் வாடுமென எண்ணித் தீனியிடுவோர், அதனாலேயே அவற்றை இழக்க நேரிடும்.

1. இழப்பின் காரணம்

நிலத்தில் இடும் யூரியா அமோனியாவாகிப் பின்னர் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறுகிறது. தொட்டியிலும் இவ்வாறே மீனின் கழிவிலிருந்து நஞ்சான அமோனியா உண்டாகிறது. கல்லிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இதற்குப் பிராணவாயு வேண்டும். நீரோட்டம் நின்றால் நீரிற் காற்றுக் கலப்பது குறையும். அழுகும் தீனியும் எஞ்சிய பிராணவாயுவைக் குறைக்கும். ஆகவே காற்று முதலாவது, சூடு இரண்டாவது, தீனி இறுதியானது.

2. முன்னாயத்தம்

(அ) பட்டரியால் இயங்கும் சிறு காற்றுப் பம்பி ஒன்றையும் புதிய பட்டரிகளையும் வைத்திருத்தல் வேண்டும்.

(ஆ) தொட்டி நீரில் ஐந்தில் ஒரு பங்களவு உப்புநீரை முன்கூட்டியே கலந்து, மூடிய கலன்களில் இருட்டான இடத்தில் வைத்தல் நன்று. லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் கடல்தொட்டி உப்பு தேவை. சமையலுப்பு உதவாது.

(இ) ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரையே சேர்த்தல் வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. அதற்கான தூய நீரையும் சேமித்தல் அவசியம். தகரக் கூரையில் வடியும் மழைநீரிற் துத்தநாகம் கலந்திருக்கலாம்; அதனை விலக்குக.

3. மின்சாரம் நின்றவுடன்

(அ) தீனியை நிறுத்துக. நலமுள்ள மீன்கள் இரண்டு மூன்று நாள்கள் உணவின்றித் தாங்கும்.

(ஆ) காற்றுப் பம்பியை இயக்குக. அஃது இல்லையெனில், அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தொட்டி நீரைக் கோப்பையில் மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து ஐந்து நிமிடம் ஊற்றுக. மீன்கள் மேற்பரப்பில் வாய்திறந்து மூச்செடுத்தால் தாமதிக்கலாகாது.

(இ) பவளத்துக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரையிலான சூடு ஏற்றது. இங்கு மார்கழி, தை மாத இரவுகளில் சிறு தொட்டி விரைவிற் குளிரும். தொட்டியின் பக்கங்களைக் கம்பளியால் சுற்றுக, மேற்பரப்பை மூடற்க. மூடிய போத்தலிற் சுடுநீர் நிரப்பி மிதக்க விடலாம். சுடுநீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. சூடு சிறிது சிறிதாகவே ஏறுதல் வேண்டும்.

(ஈ) தொட்டியருகே மண்ணெண்ணெய் விளக்கோ நுளம்புச் சுருளோ வைக்கலாகாது.

4. மின்சாரம் வந்த பின்

மூடிய வடிகட்டியிற் பல மணித்தியாலம் தேங்கிய நீர் கெட்டிருக்கும். அதனைத் தொட்டிக்குட் செல்லவிடாது வெளியேற்றி, உட்பொருள்களை உப்புநீரில் அலசிய பின்னரே இயக்குக. இறந்தவற்றை உடனே அகற்றுக. சேமித்த உப்புநீரைத் தொட்டியின் சூட்டுக்குக் கொணர்ந்து, ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுக. மறுநாள் சிறிதளவு தீனியிடுக.

5. கமக்காரர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை

உருளைக்கிழங்குக்குத் தெளிக்கும் செம்பு கலந்த பங்கசுநாசினி, மிகச் சிறிய அளவிலேயே பவளத்தையும் இறாலையும் கொல்லவல்லது. மருந்து தெளித்த கையைத் தொட்டியில் இடற்க; மருந்து கலக்கிய வாளியைத் தொட்டிக்குப் பயன்படுத்தற்க. தொட்டியிலிருந்து அகற்றிய உப்புநீரை மரக்கறிப் பாத்தியில் ஊற்றினால் பயிர் கருகும்.

கற்பவளங்கள் இலங்கையிற் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. கடலிலிருந்து அவற்றை எடுத்தல் குற்றமாகும். உரிய அனுமதியுடன் வந்தவற்றையே பற்றுச்சீட்டுடன் பெறுக.

வரம்பைக் கட்டுவது வெள்ளம் வருமுன்னரே. பட்டரியும் உப்புநீரும் இன்றே ஆயத்தமாயின், இருண்ட இரவிலும் தொட்டியின் உயிர்கள் பிழைக்கும்.