குரூப் போட்டோவைப் படிப்பது எப்படி?



எந்தக் காலேஜுக்குப் போனாலும் முதல்வர் அறை வாசலிலோ, டிபார்ட்மென்ட் மாடிப்படிப் பக்கத்திலோ வரிசையாகப் பழைய குரூப் போட்டோக்கள் மாட்டியிருக்கும். நாற்காலியில் ஆசிரியர்கள், பின்னால் மூணு நாலு வரிசை மாணவர்கள், கீழே மங்கிப்போன எழுத்தில் ஒரு வருஷம். தினமும் அதைத் தாண்டித்தான் கிளாசுக்கு ஓடுறோம். எப்பவாவது நின்னு பார்த்தா, "இந்தக் கிருதாவைப் பாருடா" என்று சிரிச்சுட்டு நகர்ந்துடுவோம்.

அந்தப் படங்களை ஒரு மெஷின் டிராயிங்கைப் படிக்கிற மாதிரி நிதானமாகப் படிக்கலாம். எந்த வருஷம், எந்த வகுப்பு, யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பல விஷயங்கள் அதிலேயே இருக்கின்றன. அதற்கான முறையைத்தான் இந்த முறை பார்க்கப்போகிறோம். கடைசியில் உங்களுக்கு ஒரு வேலையும் உண்டு. கொஞ்சம் அவசரமான வேலை. 1970-இல் படிச்சு முடிச்சவருக்கு இப்போ வயசு எழுபத்தஞ்சைத் தாண்டியாச்சு. "மூணாவது வரிசையில் நிக்கிறது யாரு?" என்ற கேள்விக்குப் பதில் தெரிஞ்சவங்க வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.

1. ஒரு படத்தைத் தேடிய கதை

ராமானுஜனை எல்லாருக்கும் தெரியும். கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும், பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் படிச்சவர். இரண்டு இடத்திலும் தேர்வில் தவறி, பட்டம் வாங்காமலே வெளியே வந்தவர். 1920-இல் இறந்தார்.

1936-இல் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜனின் நல்ல படம் ஒன்று தேவைப்பட்டது. இந்தியாவுக்குக் கிளம்பிய சுப்ரமணியன் சந்திரசேகரிடம் கேட்டார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய அதே சந்திரசேகர்தான். அவர் சென்னையில் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிக் கண்டுபிடித்தார். கிடைத்தது, 1919-இல் ஊர் திரும்புவதற்காக எடுத்த பாஸ்போர்ட் படம். இன்னைக்கு நமக்கு ராமானுஜன் என்றதும் மனசில் வருகிற முகம் அதுதான். 1980-களில் அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் செய்த மார்பளவுச் சிலைக்கும் அந்தப் படமே ஆதாரம்.

கவனிங்க. உலகம் அறிந்த கணித மேதை; இறந்து பதினாறு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் படத்துக்கே ஒருத்தர் கடல் தாண்டி வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. அவரோடு கும்பகோணத்தில் அதே பெஞ்சில் உட்கார்ந்த மத்த பையன்களின் படத்தை யார் தேடுவாங்க? நம்ம காலேஜ் சுவரில் நிற்கிறவர்கள் எல்லாம் இந்த "மத்த பையன்கள்" தான்.

2. எந்த வருஷம்? எல்லை கட்டுங்கள்

படத்தில் வருஷம் இல்லையென்றால் ஒரே தாவலில் வருஷத்தைச் சொல்லப் பார்க்காதீங்க. கணக்கில் செய்கிற மாதிரி கீழ் எல்லை, மேல் எல்லை என இரண்டு கட்டுங்க. "இதற்கு முன்னாடி இருக்க முடியாது", "இதற்குப் பின்னாடி இருக்க முடியாது" என்று இரண்டு பக்கமும் நெருக்கிக்கிட்டே வரணும்.

பெயர்ப்பலகை: இதுதான் ரொம்ப உறுதியான சாட்சி. திருச்சி ஆர்.இ.சி என்று பலகை இருந்தால், அந்தக் கல்லூரி தொடங்கிய 1964-க்கும் அது என்.ஐ.டி ஆன 2003-க்கும் நடுவில். "மெட்ராஸ் ஸ்டேட்" என்று இருந்தால் பெரும்பாலும் 1969-க்கு முன்பு. அந்த வருஷம்தான் தமிழ்நாடு என்ற பெயர் அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது. கிண்டிக் கல்லூரிப் படத்தில் "அண்ணா பல்கலைக்கழகம்" தெரிந்தால் 1978-க்குப் பின். அதே கிண்டியின் செங்கல் நிறக் கட்டடம் பின்னணியில் இருந்தால், கல்லூரி அங்கே குடியேறிய 1920-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. 1794-இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. கிண்டிக்கு வருவதற்கு முன்னாலேயே நூற்றுச் சொச்சம் வருஷ வரலாறு இருக்கு.

கோயம்புத்தூர் நண்பர்களுக்கு ஒரு கேள்வி. "ஹோப் காலேஜ்" ஸ்டாப்பில் தினமும் இறங்குறீங்களே, அந்தக் காலேஜ் எங்கே? 1945-இல் அங்கே தொடங்கியது ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி. பிறகு இடமும் மாறி, பெயரும் மாறி இன்னைக்கு ஜி.சி.டி ஆக இருக்கு. பழைய பெயர் பஸ் ஸ்டாப்பில் மட்டும் தங்கிவிட்டது. பலகையில் அந்தப் பெயரோடு ஒரு படம் கிடைத்தால் அது அந்தக் கல்லூரியின் தொடக்க காலப் படம்.

கையிலும் பையிலும்: சட்டைப்பையில் ஸ்லைடு ரூல் தெரிகிறதா? கையடக்க சயின்டிஃபிக் கால்குலேட்டரான ஹெச்.பி-35 வந்தது 1972-இல். நம்ம ஊர் மாணவர் கைக்கு அது மாதிரி ஒன்று வர இன்னும் சில வருஷம் ஆச்சு. ஆகவே ஸ்லைடு ரூல் ஒரு மேல் எல்லை. ஆனா கொஞ்சம் தளர்வான எல்லை. சர்வே கேம்ப் படமென்றால் ஸ்டாண்டில் இருப்பது தியோடலைட்டா, டோட்டல் ஸ்டேஷனா என்று பாருங்க. சிவில் நண்பர்கள் ஒரே பார்வையில் சொல்லிடுவாங்க.

காகிதம்: பழைய கறுப்பு வெள்ளைப் படம் தடித்த அட்டையில் ஒட்டி, ஓரத்தில் ஸ்டுடியோ பெயர் புடைப்பு எழுத்தாக அழுத்தியிருக்கும். அந்த ஸ்டுடியோ எந்த ஊர், எந்தத் தெரு என்பதே ஒரு துப்பு. பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதம் பெரும்பாலும் 1970-களிலும் அதற்குப் பிறகும். கலர் பிரிண்ட் நம்ம பக்கம் பரவலானது 1980-களில். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி இருந்தா உடனே நம்பிடாதீங்க; கேமரா கடிகாரத்தை யாரும் சரியாக வைத்திருக்காமல் இருக்கலாம்.

உடை: தலைப்பாகை, மூடிய கழுத்துக் கோட்டு, பெல்பாட்டம் எல்லாம் பத்து வருஷக் கணக்குக்குத்தான் உதவும். மெட்ராஸில் போன பேஷன் ஒரு சின்ன ஊரில் அப்போதான் வந்து இறங்கியிருக்கும்.

இன்னொன்று. சுவரில் இருப்பது மூலப் பிரதி என்று நினைக்க வேண்டாம். பின்னாளில் மறு பிரிண்ட் போட்டு, புதுசாக வருஷம் எழுதி மாட்டியிருக்கலாம். காகிதம் சொல்லும் வருஷமும் படம் சொல்லும் வருஷமும் வேறு வேறாக இருக்கலாம்.

3. யார் இருக்கிறார்கள், யார் இல்லை

இப்போ கீழே இருக்கும் பெயர் வரிசைக்கு வாங்க. 1920-களின் படம் என்றால் பெயர்களுக்குப் பின்னால் அய்யர், முதலியார், பிள்ளை, நாயுடு என்று சாதிப் பட்டங்கள் வரிசையாக வரும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்து வந்த பத்து இருபது வருஷப் படங்களில் அந்தப் பட்டங்கள் உதிர்ந்து, இனிஷியலும் பெயரும் மட்டும் நிற்பதைப் பார்க்கலாம். உங்க காலேஜ் சுவரில் பத்து படம் வரிசையாக இருந்தால், பட்டம் எந்தப் படத்தோடு நிற்கிறது என்று எண்ணிப் பாருங்க. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்த விஷயம் உங்க கண் முன்னாலேயே நடக்கும்.

அடுத்து, பெண்கள். கிண்டியில் 1940-இல் மின் பொறியியல் சேர்ந்தவர் ஏ.லலிதா. குழந்தைத் திருமணம், பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கைக்குழந்தை வேறு. அவரைத் தொடர்ந்து பி.கே.திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவிலில் சேர்ந்தார்கள். அதுவரை பெண்கள் படிப்பார்கள் என்ற எண்ணமே அந்தக் கல்லூரிக்கு இருந்ததில்லை என்பதற்கு ஒரு காகிதச் சாட்சி உண்டு. சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்த "ஹி" என்ற சொல்லை அடித்து, "ஷி" என்று திருத்திக் கொடுத்தார்கள். திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளராகவே ஆனார். உங்க டிபார்ட்மென்டில் முதல் பெண் முகம் எந்த வருஷப் படத்தில் வருகிறது? ஒருத்தராக நிற்கிறாரா, துணைக்கு இன்னொருத்தர் இருக்கிறாரா? அந்த ஒருத்தரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

படம் காட்டாத விஷயங்களும் உண்டு. குரூப் போட்டோவில் எல்லாரும் தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் சாப்பாட்டுப் பந்தி அப்படி இருக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில் வ.வே.சு.அய்யர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பையன்களுக்குத் தனிப் பந்தி போட்டது 1924-25-இல் தமிழகம் முழுக்கப் பெரிய சண்டையாக வெடித்தது. வகுப்புப் படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அந்தச் சண்டை தெரியவே தெரியாது. அதனால மெஸ், ஹாஸ்டல், ஆண்டு விழாப் படங்கள் கிடைச்சா விடாதீங்க. ஸ்டுடியோக்காரர் வரிசை கட்டி எடுத்த படத்தைவிட, யாரோ ஒரு பையன் சொந்தக் கேமராவில் எடுத்த மங்கலான படம் அதிகம் பேசும்.

அப்புறம் வரிசையின் ஓரம். அட்டெண்டர், லேப் உதவியாளர், மெஸ் மாஸ்டர், வாட்ச்மேன் யாராவது நிற்கிறார்களா? நின்றால் பெயர் போட்டிருக்கிறதா, பதவி மட்டும்தானா? குரூப் போட்டோ எடுத்த அன்னைக்கு காப்பிக்குக் காசு கட்ட முடியாமல் வராமல் போனவர் யாராவது உண்டா? இதெல்லாம் மூத்தவர்களிடம் கேட்டால்தான் கிடைக்கும்.

4. ஸ்கேன்: ஒரு சின்னக் கணக்கு

"போன்ல எடுத்து வாட்ஸ்ஆப்ல போட்டாச்சே" என்பீங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

12 அங்குல அகலப் படம், ஒரு வரிசைக்கு 16 பேர். ஆளுக்கு 0.75 அங்குலம். 600 பி.பி.ஐ-யில் ஸ்கேன் செய்தால் ஆளுக்கு 450 பிக்சல். அதில் முகம் மூணில் ஒரு பங்கு என்றால் 150 பிக்சல். கண், மூக்கு, நெற்றித் தழும்பு வரை தெரியும். அதே படம் வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாகப் போகும்போது அகலம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்குகிறது. ஆளுக்கு 100, முகத்துக்கு 33. அவரோட சொந்தப் பேரனுக்கே அடையாளம் தெரியாது.

12-க்கு 10 அங்குலப் படம் 600 பி.பி.ஐ-யில் 7200 × 6000, அதாவது 4.32 கோடி பிக்சல். கலரில், சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் சுமார் 130 எம்.பி. இன்னைக்கு ஒரு சின்ன பென் டிரைவில் நூறு படம் தாராளமாக அடங்கும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் பண்ணுங்க; கறையையும் மங்கலையும் பின்னால் பிரித்தெடுக்க அது உதவும்.

செய்யக் கூடாதவை: லேமினேட் வேண்டாம், செல்லோடேப் வேண்டவே வேண்டாம். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீங்க, அழுத்தம் முன்பக்கம் புடைக்கும். மென்மையான பென்சில் போதும். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, பிரதிபலிப்பு விழாமல் கண்ணாடி மேலேயே கேமராவில் எடுத்துக்கோங்க.

5. பெயர் எழுதும் முறை

இதுதான் முக்கியமான கட்டம்.

முதலில் படத்தின் ஒரு பிரிண்டில் ஒவ்வொரு தலைக்கும் எண் போடுங்க. "இடமிருந்து வலம்" என்றால் பார்ப்பவரின் இடது. இதை மேலேயே எழுதி வைங்க, இல்லைன்னா மொத்த வரிசையும் தலைகீழாகிடும்.

அந்த வகுப்பில் படித்த இரண்டு பேரிடமாவது தனித்தனியாகக் கேளுங்க. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் முதலிலேயே சொல்லாதீங்க. சொல்லிட்டா அவரும் "ஆமா ஆமா" என்றுதான் சொல்வார். இருவரும் ஒத்துப்போனால் "உறுதி", ஒருவர் மட்டும் சொன்னால் "சொல்லப்பட்டது", இரண்டும் மாறினால் இரண்டு பெயரையும் எழுதுங்க.

"ஆர்.சுப்பிரமணியன்" என்று ஒரே வகுப்பில் மூணு பேர் இருப்பாங்க. இனிஷியலின் விரிவு, ஊர், அப்போது கூப்பிட்ட பட்டப்பெயர் மூன்றும் வேண்டும். பழைய ஆள்களுக்குப் பெயர் மறந்தாலும் பட்டப்பெயர் மறக்காது. யார் சொன்னது, எந்தத் தேதியில் என்பதையும் குறிச்சுக்கோங்க. உயிரோடு இருப்பவர் படத்தை ஊருக்கெல்லாம் பகிர்வதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை.

இந்த விவரத்தைக் கோப்பின் பெயரோடும், தனி எழுத்துக் கோப்பாகவும் சேர்த்தே வைங்க. படம் ஒரு டிரைவில், பெயர் இன்னொருத்தர் நோட்டில் என்று பிரிந்தால் திரும்பச் சேராது.

நம்ம பேட்ச் போட்டோவுக்கும் இது பொருந்தும். நாலு வருஷத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்திருப்போம்; அதில் எத்தனை படத்துக்குப் பெயர் எழுதியிருக்கோம்? போன் மாறினால், கணக்கு லாக் ஆனால் போச்சு. ஃபேர்வெல் முடிஞ்ச அந்த வாரமே பத்துப் படத்தைத் தேர்ந்தெடுத்து, பெயரெழுதி, லைப்ரரியில் ஒரு பிரதி கொடுத்துடுங்க. மெஸ் அண்ணா பெயரையும் சேர்த்து.

உங்களுக்கான வேலை

இந்த வாரம் சுவரில் ஒரே ஒரு படம். இரண்டு பேர் சேர்ந்து செய்யுங்க. எண் போடுங்க, எல்லை கட்டுங்க, அந்த வருஷத்து மூத்தவர் ஒருத்தரைப் பிடிங்க. போனில் பேசுவதைவிட, பெரிய பிரிண்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரில் போனால் நல்லது. கண்ணாடியை மாட்டிக்கிட்டு அவர் விரலால் தேட ஆரம்பிச்சா, நாம் கேட்காத கதையெல்லாம் வரும். அறுபது தலையில் இருபதுக்குப் பெயர் கிடைச்சாலும் போதும், மீதியை அடுத்த பேட்ச் பார்த்துக்கட்டும். எத்தனை பெயர் கிடைச்சது என்று இதழுக்கு எழுதுங்க. அடுத்த இதழில் எண்ணோடு போடுவோம்.