கட்டிக்குள் எழுதப்பட்ட செய்தி

நுழையும்முன்

ஒரே உறுப்பில் தோன்றும், ஒரே பெயருடைய நோய் இருவரிடம் இருவேறு வகையாக வளர்கிறது. ஒருவருக்குப் பயன்தந்த மருந்து மற்றவருக்குப் பயன்தருவதில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை நோய்க்கட்டியின் மரபணுக்களில் தேடுகிறது இன்றைய மருத்துவம்.

காமாலை என்னும் அறிகுறி

கள்ளக்குறிச்சியின் சமவெளி ஊர்களாயினும் கல்வராயன் மலையின் வெள்ளிமலை முதலான ஊர்களாயினும், கண் மஞ்சளித்தவுடன் பலருக்கும் நினைவில் எழுவது கீழாநெல்லி. ஆனால், காமாலை என்பது நோயன்று, நோயின் அறிகுறி. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய் பித்தநாளம். அதில் கட்டி வளர்ந்து வழி அடைபட்டாலும் காமாலை தோன்றும். அப்போது சிறுநீர் கருமஞ்சளாகும், மலம் வெளிறும், உடலெங்கும் அரிப்பு உண்டாகும். தொடக்க நிலையில் கண்டறிந்தால் அறுவை மருத்துவத்தால் கட்டியை நீக்க இயலும். எனினும், இப்புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே கண்டறியப்படுகிறது.

ஒரே மருந்து, வெவ்வேறு விளைவு

முற்றிய பித்தநாளப் புற்றுநோய்க்கு ஜெம்சிட்டபின் என்னும் மருந்தே நெடுங்காலம் வழங்கப்பட்டது. அதனுடன் சிஸ்பிளாட்டினைச் சேர்த்து, பிரிட்டனில் 410 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2010இல் வெளியானது. நோயாளிகளின் இடைநிலை வாழ்காலம் 8.1 மாதங்களிலிருந்து 11.7 மாதங்களாக உயர்ந்தது. அது முன்னேற்றமே, ஆயினும், எல்லாக் கட்டிகளையும் ஒன்றெனக் கருதிய மருத்துவம் அது.

மரபணு காட்டும் வழி

செல்லின் வளர்ச்சியை ஆள்பவை மரபணுக்கள். அவற்றில் நேரும் சடுதிமாற்றங்களே புற்றுநோய்க்கு வித்திடுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பெற்றோரிடமிருந்து வருவன அல்ல. வாழ்நாளில் செல்களில் தோன்றுவன.

கல்லீரலுக்குள் உள்ள பித்தநாளத்தில் தோன்றும் கட்டிகள் சிலவற்றில் எஃப்.ஜி.எஃப்.ஆர்-2 என்னும் மரபணு வேறொரு மரபணுவுடன் பிணைந்துவிடுகிறது. அதனால், 'வளர்க' என்னும் கட்டளை ஓயாது பிறக்கிறது. அக்கட்டளையைத் தடுக்கும் பெமிகாட்டினிப் என்னும் மருந்து 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இம்மரபணுப் பிணைப்புடைய 107 நோயாளிகளுக்கு அதை வழங்கியபோது, மூன்றில் ஒரு பங்கினருக்கும் சற்று மேற்பட்டோரிடம் கட்டி கணிசமாகச் சுருங்கியது. ஐ.டி.எச்-1 மரபணுவில் மாற்றம் உடையோருக்கு 2021இல் ஐவோசிடெனிப் ஒப்புதல் பெற்றது. அது கட்டியைச் சுருக்குவதைவிட, அதன் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது.

மாறாக, கே-ராஸ், டி.பி-53 ஆகிய மரபணுக்களில் மாற்றம் உள்ள கட்டிகள் பெரும்பாலும் கடுமையாக வளர்கின்றன. குறிவைத்த மருந்துக்குப் பணிந்த கட்டியும் அதே மரபணுவில் புதிய மாற்றம் பெற்று, பின்னர் மருந்தை எதிர்த்து நிற்பதுண்டு. ஆகவே, மரபணு ஆய்வு நோயை வெல்லும் உறுதிமொழியன்று. எவருக்கு எம்மருந்து ஏற்றது என்பதைக் காட்டும் வழிகாட்டி.

தெரிந்து தெளிவோம்

புற்றுநோய் மரபணு ஆய்வுகளில் மேலைநாட்டு நோயாளிகளின் தரவுகளே மிகுதி. இக்குறையைப் போக்கச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 480 மார்பகப் புற்றுநோய்த் திசு மாதிரிகளை ஆராய்ந்து, 2025 பிப்ரவரியில் 'பாரத் புற்றுநோய் மரபணு வரைபட'த்தை வெளியிட்டது. பித்தநாளப் புற்றுநோய்க்கும் இத்தகைய தரவுகள் தேவை.

மலையிலிருந்து ஆய்வகம்வரை

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அங்கு அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. மரபணுவை வரிசைப்படுத்தும் ஆய்வகங்களோ பெருநகரங்களிலேயே மிகுந்துள்ளன. ஆனால், கட்டியின் சிறு துண்டு அங்குச் சென்றால் போதும். நோயாளி செல்ல வேண்டியதில்லை. அத்துண்டை எடுப்பதற்கு நோயாளி உரிய காலத்தில் மருத்துவரை அடைதல் வேண்டும். குறிவைத்த மருந்துகளின் விலையும் எளியோர்க்கு எட்டுவதாதல் வேண்டும்.

வெளிறிய மலமும் தீராத அரிப்பும் காமாலையோடு சேர்ந்து வந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் இழப்பே. கட்டிக்குள் எழுதப்பட்ட செய்தியைப் படிக்கும் கருவிகள் இன்று உள்ளன. அதைப் படிப்பதற்கான காலத்தைத் தருவது, மலையூரில் கண் மஞ்சளித்த ஒருவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் உறவினரின் விழிப்புணர்வே.